ஒரு வியாழக்கிழமை குறைகிறது

என் சேவையில் ஒரு வியாழக்கிழமை குறைகிறது என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் ஏதாவது குறைந்துகொண்டுதான் இருக்கும். போன வருஷம் ஒரு சுபேதாருக்குப் பதினோரு நிமிடம் குறைந்தது. அவர் சங்க வாசலில் பதினோரு நிமிடம் அசையாமல் நின்று கொடுத்துவிட்டு, பேட்ஜை வாங்கிக்கொண்டு போனார்.

எங்களுடையது முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் சங்கம். ராணுவத்திலிருந்து திரும்பியவர்களில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள் என்று பார்த்து, வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் வருவது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. பத்து ஆண்டு போய் வந்தால் வெண்கல நிற பேட்ஜ். இருபது ஆண்டுக்குப் பச்சை. எனக்குப் பச்சை வர வேண்டும்.

கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை காலை. விழா அன்றைக்கே மாலை நான்கு மணிக்கு. அதற்குள் வியாழக்கிழமையைச் சரிசெய்துவிட்டு ஹாலுக்கு வரவும் என்று போட்டிருந்தது. எந்த வியாழக்கிழமை என்று போடவில்லை.

போட வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும்.

வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். ஹாலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேவை கூடக் கூட நாற்காலியின் உயரமும் கூடும். பத்து ஆண்டுக்காரர்களுக்கு மணை. இருபதுக்குச் சாதாரண நாற்காலி. நாற்பது ஆண்டு முடித்தவர் ஒருவர்தான். அவருக்கு ஏணி சாத்தியிருந்தார்கள். அவர் காலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஃபேன் இறக்கை தலையில் படாமல் குனிந்திருந்தார்.

முதல் வரிசையில் பூங்காவனம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணா. நான்தான் உங்களுக்கு பேட்ஜ் குத்தணுமாம். லெட்டர் போட்டாங்க."

"நீயாம்மா?"

"யாரப் போய்ப் பாத்தீங்களோ அவங்க வீட்ல இருந்துதான் குத்தணுமாம். எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கிக்கூட நீங்க வந்து பாத்துட்டுத்தான போனீங்க. அத நெனச்சிகினுதாண்ணா நான் இருக்கேன். தனியா போகலியேன்னு."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பதினேழு வருஷமாக அப்படித்தான் செய்து வருகிறேன்.

அவள் புருஷன் பெயர் முனிரத்தினம். பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் நாயக்காக இருந்தவன். பாலத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஊருக்கு வந்தான். நான் ஹவில்தார், லாரி ஓட்டியவன். பட்டாளத்தில் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. சங்கம்தான் அவனை எனக்குக் கொடுத்தது. மூன்று வருஷம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன். பூங்காவனம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு போவேன். அவனுக்குச் சவரம் செய்துவிடுவேன். பேசிக்கொண்டிருப்போம். மாலையில் சங்கத்துக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். அதில் உடல்நிலை என்று ஒரு கட்டம் உண்டு. நலம் என்று எழுதுவேன்.

ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை. ஐந்து மணிக்குப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டேன். நலம் என்று எழுதினேன். ஆறு மணிக்குப் பூங்காவனம் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தபோது அவன் இறந்திருந்தான். டாக்டர் வந்தார். காலையிலேயே யாராவது பார்த்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பூங்காவனம் சங்கத்துக்கு வந்து பதிவேட்டைப் பார்த்தாள். நலம் என்ற சொல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் ஆபீஸ் அறைக்குப் போனேன். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் மேடம் மேஜையில் பேட்ஜ்களை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹவில்தார் தசரதன். ஒரு வியாழக்கிழமை," என்றார் நிமிராமல்.

"ஆமாங்க மேடம்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"எழுதினீங்க. மை நிக்கல. மறுபடியும் எழுதணும். போய்ப் பார்த்துட்டு எழுதுங்க."

"அவர் செத்துப் பதினேழு வருஷம் ஆச்சுங்க."

"வீட்ல செத்திருப்பார். நம்ம பதிவேட்ல நலம்னு இருந்தது. நலமா இருக்கறவர் எப்படிச் சாவார்? பதினான்காம் ரூம்ல இருக்கார்."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்களே."

"இங்க," என்றார் எஸ்தர் மேடம். "அங்க இல்ல."

பதிவேட்டையும் ஒரு பேனாவையும் என்னிடம் கொடுத்தார்.

"என்னன்னு எழுதணுங்க?"

"அது உங்க இஷ்டம். எது எழுதினாலும் பேட்ஜ் உண்டு. காலியா விட்டா மட்டும் கிடையாது. நலம்னு எழுதினா அவர் அப்படியே இருப்பார். வேற எழுதினா இருக்க மாட்டார். குத்தறதுக்கு முன்னாடி அந்தம்மா அதை மைக்ல படிப்பாங்க. நாலு மணிக்குள்ள வாங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

வராந்தாவில் இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு நாள் இருந்தது. திங்கட்கிழமைகளில் பினாயில் வாசனை அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகள் விடுமுறை என்பதால் பூட்டியிருந்தன. நான் வேகமாக நடந்தேன். வராந்தாவும் அதே வேகத்தில் நீண்டது. பதினான்காம் எண் எனக்குப் பத்தடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. ஓடினேன். அதுவும் ஓடியது. அறுபத்து மூன்று வயதில் எவ்வளவு ஓட முடியும்? சட்டென்று நின்றுவிட்டேன். வராந்தா அதை எதிர்பார்க்கவில்லை. தடுமாறி என் மேல் வந்து மோதுகிற மாதிரி வந்து, பதினான்காம் கதவை என் எதிரில் நிறுத்தியது.

உள்ளே முனிரத்தினத்தின் வீடு இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கயிற்றுக் கட்டில். ஸ்டூலில் ரேஸர், சோப்பு, கிண்ணத்தில் வெந்நீர். கம்பெனிக்குப் போகுமுன் பூங்காவனம் எடுத்து வைத்தது. வெந்நீரில் ஆவி பறந்தது. ஜன்னலுக்கு வெளியே வியாழக்கிழமை வெயில்.

முனிரத்தினம் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தான். பதினேழு வருஷம் ஆகியும் ஒரு வாரத்துத் தாடிதான் இருந்தது.

"லேட்டு ஹவில்தார்," என்றான்.

"ஆமா."

"பஸ் கெடைக்கலியா?"

நான் சோப்பை எடுத்துக் குழைத்தேன். கன்னத்தில் தடவினேன். கை சுட்டது.

"முனி, உனக்கு ஜுரம் அடிக்குது."

"புதன்கெழமையிலருந்து அடிக்குது. மூச்சு வேற வாங்குது. நெஞ்சுல யாரோ குந்திகினு இருக்கற மாதிரி இருக்கு."

"இத்தன வருஷமாவா?"

"நீங்கதான நலம்னு எழுதிட்டீங்க. அதனால சாவு வரல. ஜுரம் மட்டும் போகல."

குறை சொல்வது போல் அவன் சொல்லவில்லை. பால்காரன் இன்று வரவில்லை என்பது போலச் சொன்னான்.

ஹாலிலிருந்து மைக் சத்தம் கேட்டது. ஹலோ, ஹலோ என்றார்கள். சங்கத் தலைவர் கேப்டன் ஐயா இருமினார். பிறகு பத்து ஆண்டுக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல்.

நான் வலது கன்னத்தை முடித்தேன். ரேஸரைக் கீழே வைத்தேன்.

"வா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"முடியாது ஹவில்தார்."

"முடியும். ஏறு."

அவனை முதுகில் தூக்கிக்கொண்டேன். கால்கள் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. கதவைத் திறந்து வெளியே போனேன். வெளியே முனிரத்தினத்தின் வீடு இருந்தது. கயிற்றுக் கட்டில், ஸ்டூல், வெந்நீர். திரும்பி இன்னொருமுறை கதவு வழியாகப் போனேன். மறுபடியும் அதே கட்டில். கதவு வேண்டாம் என்று ஜன்னல் வழியாக அவனை முதலில் இறக்கி, நானும் குதித்தேன். ஸ்டூலைத் தட்டிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தேன். அவன் ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்தான். வெந்நீர் சிந்தவில்லை.

"ஆஸ்பத்திரி வெள்ளிக்கெழமையில இருக்குது," என்றான் மூச்சு வாங்க. "இந்த ரூம்ல வியாழக்கெழமை மட்டுந்தான். நானும் எல்லாம் பாத்துட்டேன்."

நான் கதவருகே போய்க் கத்தினேன். "மேடம்! டாக்டரைக் கூப்பிடுங்க!"

"டாக்டர் ஆறு மணிக்கு வருவார்," என்றது எஸ்தர் மேடத்தின் குரல். மிகப் பக்கத்தில் கேட்டது. "இருபது ஆண்டுக்காரங்க தயாரா இருங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன். என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முனிரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொரு கன்னத்தில் சோப்பு காய ஆரம்பித்திருந்தது.

"பூங்காவனம் எங்க?"

"ஹால்ல இருக்கா. எனக்கு பேட்ஜ் குத்த வந்திருக்கா."

"தல நரைச்சிடுச்சா?"

"முன்னாடி மட்டும்."

"கம்பெனிக்கு இன்னும் போறாளா?"

"நின்னுட்டா. கையில தோல் உரியுதுன்னு."

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சும் ஒரு படி ஏறுவது போல் இருந்தது.

"அந்த நோட்டுல இன்னா எழுதப் போறீங்க?"

"நீ சொல்லு."

"படுத்துகினு இருக்கறவன் சொல்லக் கூடாதாம். போய்ப் பாக்கறவங்கதான் எழுதணுமாம்." மூச்சை இழுத்து விட்டான். "பயமாத்தான் இருக்குது ஹவில்தார்."

எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் நான் பயந்தது அவனுக்காக இல்லை. பூங்காவனம் மைக் முன்னால் நின்று படிக்கப் போவதை நினைத்துத்தான். இதை அவனிடம் சொல்லவில்லை.

மைக்கில் இருபது ஆண்டுக்காரர்களில் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். மொத்தம் மூன்று பேர். நான் மூன்றாவது.

பதிவேட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். கட்டம் சிறியது. ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. கை தானாகவே 'ந' என்று போட்டது. இருபது வருஷப் பழக்கம். 

முனிரத்தினம் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் கோபம் இல்லை. ஸ்டாப்பில் நிற்கும்போது பஸ் நிற்காமல் போனால் சிலருக்கு ஒரு முகம் வரும். அந்த முகம்.

அந்த ஓர் எழுத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள்.

'ந'வுக்குப் பக்கத்தில் கால் போட்டேன். 'நான் வரவில்லை' என்று எழுதினேன்.

கட்டம் கொஞ்சம் அகலமாகியது. 'புதன் முதல் ஜுரம்' என்று எழுதினேன். இன்னும் அகலமாகியது. முனிரத்தினம் கண்ணைத் திறந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை நெருப்பாக இருந்தது. 'மூச்சு வாங்குகிறது' என்று எழுதினேன். கை சூடு குறைய ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்தது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். அவன் விரலால் என் கையைத் தட்டினான். லாரியின் பக்கவாட்டில் தட்டிப் போகச் சொல்வார்களே, அந்த மாதிரி இரண்டு தட்டு.

'தனியாக இருந்தார்' என்று எழுதினேன்.

"இப்ப இல்லியே," என்றான் முனிரத்தினம்.

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. கை என் கைக்குள்ளேயே குளிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாயத் தொடங்கியது.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இடது கன்னம் பாக்கி இருந்தது. சோப்பு காய்ந்துவிட்டது. வெந்நீரைத் தொட்டு மறுபடியும் குழைத்துத் தடவினேன். மைக்கில் இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அவசரப்பட்டால் தாடைக்குக் கீழே வெட்டிவிடும். அவனுக்கு அங்கே சதை ஒட்டியிருக்கும். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுத்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டேன். மீசையைச் சரிசெய்தேன். கண்களை மூடினேன். வேட்டியை இழுத்துப் போர்த்தினேன்.

கதவைத் திறந்ததும் ஹால் இருந்தது. வராந்தாவைக் காணோம்.

மேடையில் கேப்டன் ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் மேடம் என் கையிலிருந்து பதிவேட்டை வாங்கினார். கட்டத்தைப் பார்த்தார். காலியாக இல்லை என்று தலையசைத்தார். திறந்த பக்கத்தோடு அதைப் பூங்காவனத்திடம் கொடுத்தார்.

பூங்காவனம் ஒரு கையில் பச்சை பேட்ஜை வைத்திருந்தாள். மறு கையில் பதிவேடு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைக்காவிட்டாலும் உதடு முன்னால் போய்த் தேடிவிட்டுத்தான் சொல்லும்.

"நான்... வர... வில்லை."

ஹாலில் கைதட்டினார்கள். படித்தால் கைதட்ட வேண்டும் என்பது வழக்கம். அவள் நிறுத்தினாள். கைதட்டல் அடங்கும்வரை அந்த வரியையே பார்த்தாள். பிறகு அடுத்ததைப் படித்தாள்.

"புதன் முதல் ஜுரம்."

கைதட்டினார்கள்.

"மூச்சு வாங்குகிறது."

கைதட்டினார்கள். ஏணி நாற்காலியில் இருந்தவர் மட்டும் பிடி விட்டால் விழுந்துவிடுவார் என்பதால் தட்டவில்லை.

கடைசி வரியை அவள் வாய்க்குள்ளேயே படித்தாள். மைக் அதைப் பிடிக்கவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள்.

அவள் பதிவேட்டை மூடி எஸ்தர் மேடத்திடம் கொடுத்தாள். என் எதிரில் வந்து நின்றாள். மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அன்னைக்கி எங்கண்ணா போயிருந்தீங்க?"

குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"எங்கயும் போகலம்மா. வீட்ல இருந்தேன்."

"ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"மழையா?"

"மழை இல்ல. வெயில்தான். பஸ்ஸும் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் வரல?"

பதினேழு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் நிறையப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். தலைவலி ஒன்று. தங்கை வீட்டு விசேஷம் ஒன்று. உண்மையில் அன்று லுங்கியோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். மணி பத்தானது. எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

"சும்மாதாம்மா வரல," என்றேன்.

கைதட்டினார்கள்.

அவள் கண்கள் நிறைந்தன. வழியவில்லை. என் முகத்தில் எதையோ தேடுவது போல் பார்த்தாள். பேட்ஜைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"சீக்கிரம் குத்தும்மா," என்றார் கேப்டன் ஐயா. "முப்பது ஆண்டுக்காரங்க காத்திருக்காங்க."

பூங்காவனம் ஓர் அடி முன்னால் வந்தாள். என் சட்டையின் இடது பக்கத்தை இரண்டு விரலால் பிடித்தாள். பேட்ஜின் முள்ளைத் துணியில் வைத்து அழுத்தினாள். முள் துணியைத் தாண்டியது. பனியனைத் தாண்டியது. அவள் இன்னும் அழுத்தினாள். நான் அசையவில்லை. வெள்ளைச் சட்டையில் பச்சையைச் சுற்றி மெதுவாகச் சிவப்பு படர்ந்தது.

"அவரு மொகம் எப்பிடி இருந்துச்சு?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"வழவழன்னு இருந்துச்சும்மா."

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை.

போட்டோக்காரர் மேடைக்குக் கீழே வந்து ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். ரெண்டு பேரும் இங்க பாத்து லேசா சிரிங்க என்றார்.

நாங்கள் அவர் சொன்ன பக்கம் பார்த்தோம்.